நடுவில் பெட்டி இருக்கிற அந்தப் படகையே எடுங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், வயது 46. போன வருடம் சென்னைக்குப் போய் ஐந்து நாள் பாய்மரப் படகு ஓட்டப் பழகினேன். அன்றிலிருந்து அதே நினைப்புதான். ஆனால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஏற்காடு பஸ்ஸில் ஏறினால் எட்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். பழகும்போதும் துறைமுகத்துக்குள் இருந்தவரை நன்றாக இருந்தேன், நாலாம் நாள் வெளிக்கடலுக்குப் போனதும் படுத்துவிட்டேன். சொந்தமாக ஒரு படகு வாங்கி, டிரெய்லரில் சேலத்திலேயே வைத்துக்கொண்டு, மேட்டூர் அணையிலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மண்டபம் பக்கமும் ஓட்ட ஆசை. ஆடக் கூடாது, கவிழக் கூடாது, ஆழமில்லாத தண்ணீரிலும் போக வேண்டும். பழைய 16 அடி இரட்டை உடல் கேட்டமரான் ஒன்று விலைக்கு வருகிறது. 24 அடியில், நாலரை அடி கீல், அதாவது அடியிலிருந்து தண்ணீருக்குள் நிலையாக நீண்டிருக்கும் கனமான தகடு, வைத்த படகு ஒன்றும் பார்த்தேன். மீன்பிடி ஃபைபர் படகை வாங்கிப் பாய்மரம் நட்டுக்கொள் என்கிறார் நண்பர். புதுச்சேரியில் 18 அடி திறந்த படகு ஒன்றும் இருக்கிறது, ஆனால் உட்காரும் இடத்துக்கு நடுவிலேயே பெரிய பெட்டி, காலை நீட்ட முடியவில்லை, அதனால் விட்டுவிட்டேன். எதை வாங்கலாம்?"

தம்பி, விட்டுவிட்டேன் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, அந்தப் புதுச்சேரிப் படகைத்தான் போய் மறுபடியும் பாருங்கள். குறை என்று நீங்கள் சொல்கிற அந்தப் பெட்டிக்காகவே அதை வாங்கலாம். முப்பது வருடம் கடலோரத்தில் படகு வரைந்தும் கட்டியும் பிழைத்துவிட்டு இப்போது ஏற்காட்டில் இருக்கிறேன், உங்களுடைய அந்த எட்டாவது வளைவை வாரம் ஒரு முறையாவது தாண்டுகிறேன், அதனாலோ என்னவோ உங்கள் கடிதத்தில் நாலு படகையும் விட அந்த பஸ்தான் முதலில் என் கண்ணில் பட்டது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மொத்தம் இருபது வளைவு. பஸ்ஸில் யாருக்கெல்லாம் வாந்தி வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். கடைசி சீட்டில் தூக்கித் தூக்கிப் போடுகிறதே, அங்கே இருப்பவர்களுக்கு. போனைப் பார்த்துக்கொண்டே வருபவர்களுக்கு. ஜன்னல் கிடைக்காமல் முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு. டிரைவருக்கு வருவதில்லை. அவரும் அதே பஸ்ஸில், அதே வளைவில்தான் திரும்புகிறார். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு "திரும்புகிறோம், சாய்கிறோம்" என்கிறது, கண்ணோ "எதுவும் நகரவில்லையே, முன் சீட்டு அப்படியேதானே இருக்கிறது" என்கிறது, இந்த இரண்டு பேச்சும் ஒத்துப்போகாதபோதுதான் வயிறு புரட்ட ஆரம்பிக்கிறது. டிரைவருக்குக் கண் சாலையில் இருக்கிறது, வளைவு அவர் கையாலேயே வருகிறது, அடுத்து என்ன ஆகும் என்று உடம்புக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. கடலிலும் இதேதான். சுக்கான் பிடித்துக்கொண்டு அடிவானத்தைப் பார்க்கிறவன் கடைசியாகத்தான் படுப்பான்.

இன்னொன்றும் உண்டு, இதைப் படகு விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. எல்லா ஆட்டமும் குமட்டாது. மனித உடம்புக்கு மிக மோசமானது மெதுவாக மேலே போய் மெதுவாகக் கீழே இறங்குகிற ஆட்டம், ஏறத்தாழ ஐந்து ஆறு விநாடிக்கு ஒரு தடவை. அதைவிட வேகமாகக் குலுங்கினால் உடம்பு அலுக்கும், ஆனால் குமட்டல் குறைவு. மேட்டூர் போன்ற ஏரித் தண்ணீரில் அலை குட்டை, ஒன்று இரண்டு விநாடிக்குள் ஒவ்வொன்றும் கடந்துபோய்விடும். சென்னைத் துறைமுகச் சுவரைத் தாண்டினால் எங்கோ தூரத்தில் கிளம்பி வரும் நீண்ட அலை, படகை நிதானமாகத் தூக்கி நிதானமாக இறக்கும், ஊஞ்சல் மாதிரி. அதில்தான் நீங்கள் படுத்தீர்கள். அதற்கும் படகுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, அங்கே எந்தச் சின்னப் படகும் அப்படித்தான் ஏறி இறங்கும். ஆகவே முதலில் தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள், படகு அப்புறம். உங்கள் ஆசையே மேட்டூரையும் மண்டபத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டது, பாதி வேலை முடிந்தது.

சரி, படகு. "ஆடக் கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் ஒரு தாம்பாளத்தை மிதக்க விடுங்கள், பக்கத்தில் அடியில் இரண்டு பிடி மணல் போட்ட ஒரு சொம்பை மிதக்க விடுங்கள், கையால் தண்ணீரைக் கலக்கி விடுங்கள். தாம்பாளம் கவிழாது, ஆனால் வருகிற ஒவ்வொரு சிற்றலைக்கும் வெடுக் வெடுக்கென்று சரிந்து நிமிரும். சொம்பு சாயும், மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும். அகலமான தட்டை அடி உள்ள படகு தாம்பாளம். கனமான கீல் உள்ள படகு சொம்பு. "ரொம்ப ஸ்டெடி சார்" என்று காட்டப்படுகிற படகு பெரும்பாலும் தாம்பாளம்தான், கரையில் கட்டிவைத்து ஓரத்தில் ஏறி நின்றால் அசையாது, அலையில் போனால் உங்கள் இடுப்பையும் கழுத்தையும் விடாது. நேரடியாகக் குமட்டலைக் கொண்டுவராவிட்டாலும் இரண்டு மணி நேரத்தில் உடம்பை அடித்துப் போட்டுவிடும், அலுத்த உடம்பு குமட்டலுக்குச் சீக்கிரம் இடம் கொடுக்கும்.

எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. தொழிலுக்கு வந்து கொஞ்ச வருடம்தான் ஆகியிருந்தது, ஒருவர் வந்து சாயவே கூடாத படகு வேண்டும் என்றார், அவருக்கும் உங்களைப் போலத்தான் வயிறு. நானும் கேட்டதைக் கொடுத்தேன், அகலமாக, தட்டையாக, எட்டு அங்குலத் தண்ணீரில் மிதக்கிற மாதிரி வரைந்து கொடுத்தேன். முதல் ஓட்டம் மண்டபத்துக்கு வடக்கே. காற்று அதிகமில்லை, அலை இரண்டு மூன்று அடி, ஆனால் நெருக்கமான குத்தலை. அடித்தட்டு ஒவ்வொரு அலையிலும் பட் பட்டென்று அறைந்தது. அவர் குறுக்குப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, படகின் தரையில் உருண்டுகொண்டிருந்த ஒரு தண்ணீர்ப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் தாங்கவில்லை. உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்து, பேச்சு நின்றுபோய்விட்டது. நான் படகை நேராகக் கரைக்குத் திருப்பி மணலில் ஏற்றினேன். இறங்கி நடந்தார். கால் நனைய பத்து நிமிடம் நடந்தார், தண்ணீர் குடித்தார், முகத்தில் ரத்தம் திரும்பியது. அப்புறம் அவரே வந்து ஏறினார். இந்த முறை சுக்கானை அவர் கையில் கொடுத்து, தூரத்தில் பாம்பன் பாலத்தைக் காட்டி அதையே பார்த்து ஓட்டச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை.

அந்த நாளில் நான் கற்றுக்கொண்டதுதான் உங்களுக்குச் சொல்ல இருப்பதெல்லாம். நான் பெரிதாக நினைத்த அகலம் அவருக்கு உதவவில்லை. உதவியது இரண்டு. ஒன்று, சுக்கான். இன்னொன்று, அந்தப் படகு குறைந்த தண்ணீரில் போனதால் கரை எப்போதும் பக்கத்திலேயே இருந்தது. தண்ணீருக்குள் கொஞ்சமாக அமிழும் படகு ஆட்டத்தைக் குறைக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள், குறைக்காது. வேண்டும்போது இறங்கி நடக்க விடும். கடல் மயக்கத்துக்கு நிச்சயமான மருந்து தரைதான், அதை ஐந்து நிமிடத் தூரத்தில் வைத்துக்கொள்ள முடிகிறவனுக்குப் பயமே பாதி போய்விடும், பயம் போனால் வயிறும் ஓரளவு அடங்கும்.

இப்போது உங்கள் நாலு படகுக்கு வருகிறேன்.

24 அடி கீல் படகு வயிற்றுக்கு நாலிலும் நல்லது. அதை மறைக்க மாட்டேன், கனமான படகு அலையை மதித்துப் போகும். ஆனால் நாலரை அடி கீலோடு அதை டிரெய்லரிலிருந்து இறக்க சாய்தளம் ஆழமாக வேண்டும், ஏற்ற ஒரு கூட்டமே வேண்டும், சேலத்திலிருந்து தனியாக இழுத்துக்கொண்டு போகிற சாமான் இல்லை. மேட்டூரில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. 1934இல் அணை கட்டி முடித்தபோது முழுகிய ஊர்கள் அடியில் அப்படியே கிடக்கின்றன. தண்ணீர் வற்றினால் பண்ணவாடி பக்கம் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், நீங்களே பார்த்திருப்பீர்கள். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி, வழக்கமாக ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறந்தால் மட்டம் வாரத்துக்கு வாரம் மாறும், போன மாதம் தாராளமாகப் போன இடத்தில் இந்த மாதம் ஒரு சுவரோ மரக்கட்டையோ இரண்டு அடிக்குக் கீழே காத்திருக்கும். நிலைக் கீல் அதில் மோதினால் மோதினதுதான். மண்டபத்திலும் இதே கஷ்டம், பாக் விரிகுடாப் பக்கம் கரையிலிருந்து நெடுந்தூரம் இடுப்பளவு தண்ணீர்தான். வேண்டாம்.

ஃபைபர் மீன்பிடி படகில் பாய்மரம் நடுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது இஞ்சினுக்காகவும் மணலில் ஏற்றுவதற்காகவும் செய்த அடி. பாய் விரித்தால் முன்னே போவதைவிடப் பக்கவாட்டில் வழுக்கும், காற்றுக்கு எதிராகத் திரும்பி வரவே முடியாது. காற்றோடு போய்ச் சேர்ந்துவிட்டு அங்கிருந்து போன் பண்ண வேண்டியிருக்கும்.

கேட்டமரான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. பேர் நம் கட்டுமரம், பொருள் வேறாகிவிட்டது, இரண்டு ஒல்லியான உடல்களுக்கு நடுவே துணி கட்டிய படகு. பக்கவாட்டில் சாய்வது குறைவு, சில அங்குலத் தண்ணீர் போதும், டிரெய்லருக்கும் லேசு. ஒற்றை உடல் படகில் படுத்துவிடுகிற சிலர் இதில் தெம்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன், நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் இதன் ஆட்டம் சின்னதாக, வெட்டி வெட்டி, மூலைக்கு மூலை தாவுகிற ஆட்டம். ஆனால் 16 அடிக் கேட்டமரானில் உள்ளே உட்கார இடமே கிடையாது. துணி மேல்தான், நனைந்துகொண்டேதான், சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லை. மயக்கம் வருகிறவனுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை வேண்டும் தம்பி. அதோடு, கவிழாது கவிழாது என்று இருந்துவிட்டு ஒரு கட்டத்தில் ஒரேயடியாகக் கவிழும், தலைகீழாகப் போய்விட்டால் நிமிர்த்த இரண்டு பேருக்கும் நல்ல பயிற்சி வேண்டும். விற்பவர் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க விட்டால் ஓட்டிப் பாருங்கள், வாங்காதீர்கள்.

மிச்சம் பெட்டி வைத்த படகு. அந்தப் பெட்டிக்குள் இருப்பது நடுப்பலகை, சென்டர்போர்டு என்பார்கள். இறக்கினால் கீல் மாதிரி தண்ணீருக்குள் நின்று படகைப் பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கும், கயிற்றை இழுத்து ஏற்றினால் படகு ஓர் அடிக்கும் குறைவான தண்ணீரில் மிதக்கும். வேஃபேரர் என்று 1957இலிருந்து ஓடுகிற ஒரு ஆங்கிலப் படகு இருக்கிறது, கிட்டத்தட்ட 16 அடி, பலகை ஏற்றினால் 20 சென்டிமீட்டர், இறக்கினால் 1.17 மீட்டர். அதே அடிப்படைதான் உங்கள் 18 அடியிலும். அடியில் இருக்கும் சுவரில் பட்டால் கீல்போல் உடையாமல் பலகை பின்னால் மடங்கி மேலே வந்துவிடும், முன்முனையில் ஒரு அச்சாணியில் ஆடுகிற வகை என்றால். நேராகக் குத்தி இறக்குகிற வகையும் உண்டு, அது மடங்காது. எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், மேட்டூருக்கு மடங்குகிற வகைதான் வேண்டும். கால் நீட்ட முடியவில்லை என்கிறீர்கள், உண்மைதான், ஆனால் குலுங்கும்போது அதே பெட்டியில் பாதத்தை உதைத்து உட்கார்ந்தால் கையால் எதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. இரண்டு நாள் ஓட்டினால் அது இல்லாத படகு உங்களுக்குப் பிடிக்காமல் போய்விடும்.

அடி முழுத் தட்டையாக இல்லாமல் முன்பக்கம், அணியத்தில், கொஞ்சம் கூர்மையாக வெட்டிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். இருந்தால் அலையை அறையாது. அப்புறம் ஆட்டிப் பார்க்க வேண்டும். அமைதியான தண்ணீரில், கயிறு தளர்வாக இருக்க, ஒருவர் நடுவில் உட்கார்ந்து உடம்பால் மெல்ல ஆட்டிவிட்டு அசையாமல் இருக்கட்டும், நீங்கள் கரையில் நின்று போனில் நேரத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் போய்த் திரும்பி அதே இடத்துக்கு வர ஒரு விநாடிகூட ஆகவில்லை என்றால் வெடுக்குப் படகு. இரண்டு விநாடியை நெருங்கினால் உங்களுக்கு நல்லது. சாய்ந்த பக்கமே யோசித்து நின்று சோம்பலாக எழுந்தால் அதுவும் கூடாது, மேல்பாரம் அதிகம், கவிழப் பார்க்கும்.

வெடுக்கென்று ஆடினால் கொஞ்சம் சரி பண்ணலாம். வீட்டுக்குப் போடுகிற இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் நாலைந்து வாங்கி, தளும்பாத அளவுக்கு வாய்வரை நிரப்பி, உட்காரும் பலகைகளுக்கு அடியில் இரண்டு பக்கமும் சரிசமமாக வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். எண்பது, நூறு கிலோ கூடும், நடை நிதானமாகும். மணல் மூட்டை, இரும்பு எல்லாம் வேண்டாம், படகுக்குள் தண்ணீர் புகுந்தால் அவை மூழ்கடிக்கும், தண்ணீர்க் கேன் தண்ணீருக்குள் எடையே காட்டாது. அரை கேன் நிரப்பாதீர்கள், உள்ளே அலையும் தண்ணீர் நிலைத்தன்மையைக் கெடுக்கும். ஊருக்குத் திரும்பும்போது கொட்டிவிட்டால் டிரெய்லருக்கும் பாரமில்லை.

கவிழாத படகு என்று கேட்டிருந்தீர்கள். இந்த அளவில் அப்படி ஒன்று கிடையாது, வாக்குக் கொடுக்க மாட்டேன். கவிழ்ந்தால் மூழ்காமல் மிதக்கிறதா, நீங்கள் ஏறிக்கொள்ள முடிகிறதா என்றுதான் கேட்க வேண்டும். முன்னும் பின்னும் காற்று அடைத்த அறைகள் இருக்கும், மூடிகளைத் திறந்து உள்ளே கை விட்டுப் பாருங்கள், ஈரம் இருக்கக் கூடாது. வாங்கிய முதல் மாதமே மேட்டூரில் காற்று குறைந்த ஒரு காலையில், கேன்களை இறக்கி வைத்துவிட்டு, பழக்கமுள்ள ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நீங்களே கவிழ்த்து நிமிர்த்திப் பழகுங்கள். உயிர்காப்பு உடை எப்போதும் போட்டிருக்க வேண்டும், உங்களுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம், வாந்தி எடுக்கிறவன்தான் ஓரத்தில் குனிந்து தண்ணீரில் விழுவான். குனிய வேண்டியிருந்தால் காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம், முழங்காலிட்டு.

உட்கார வேண்டிய இடம் நடுவுக்குச் சற்றுப் பின்னே, தாழ்வாக. அணியத்தில்தான் தூக்கல் அதிகம், பஸ்ஸின் கடைசி சீட்டு அதுதான். சுக்கானை நீங்களே பிடியுங்கள், கயிறு பிரிப்பது, முடிச்சு அவிழ்ப்பது மாதிரி குனிந்து பார்க்கிற வேலையைக் கூட வருபவருக்குக் கொடுங்கள். பாய் விரித்திருக்கும் வரை படகு ஆடுவது குறைவு, காற்றே அதைப் பிடித்து வைத்திருக்கும். பாயை இறக்கிவிட்டு நின்றால்தான் வயிறு கலங்கும், ஆகவே சாப்பாடு, போட்டோ எல்லாம் கரையில். இஞ்சின் வேண்டுமென்றால் பேட்டரியில் ஓடுகிற சின்னது போதும், பெட்ரோல் வாடை அரைகுறை மயக்கத்தை முழுசாக்கிவிடும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இரண்டு இட்லி சாப்பிடுங்கள், பூரியும் எண்ணெயும் வேண்டாம். இஞ்சி மரப்பா சிலருக்குக் கேட்கிறது. மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சின்னரிசின், புரோமெத்தசின் மாதிரி மருந்துகள் கிளம்புவதற்கு முன்பே போட்டால்தான் பலன், ஆனால் தூக்கம் வரவைக்கும், அதனால் படகில் முதல் தடவையாகப் போட்டுப் பார்க்காதீர்கள், வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பாருங்கள். உடம்பு பழகவும் பழகும். மீனவர் வீட்டுப் பையன்களில் பலபேர் முதல் சில நாள் வாந்தி எடுத்தவர்கள்தான். மாதம் ஒரு தடவை ஆறு மணி நேரம் ஓட்டுவதைவிட வாரம் ஒரு தடவை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்.

மேட்டூரில் படகு இறக்க நீர்வளத் துறையிடம் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள், பரிசல்காரர்களிடமும் பேசுங்கள், எந்தப் பக்கம் வலை, எந்தப் பக்கம் கட்டை என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆடியில் வேண்டாம், அம்மியைப் பறக்கவைக்கிற காற்று பதினெட்டு அடிப் படகை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. மண்டபத்துக்கு ஒரு வசதி உண்டு, ஒல்லியான நிலத்துக்கு இரண்டு பக்கமும் கடல். வாடை அடிக்கும் மாதங்களில் வடக்குப் பக்கம் கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்றில் தெற்குப் பக்கம். ராமேசுவரம் பக்கம் வடக்கைப் பெண்கடல் என்றும் தெற்கை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். நீங்கள் பிப்ரவரி மார்ச்சில், வாடை ஓய்ந்த பிறகு, பெண்கடலில் கரையை ஒட்டியே ஓட்டுங்கள். கிளம்பும் முன் மீன்வளத் துறையிலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அது எல்லைக் கடல். தெற்குப் பக்கத் தீவுகள் தேசியப் பூங்கா, அவற்றில் இறங்க நினைக்காதீர்கள். ஆழமில்லாத இடத்தில் கடற்புல் தெரிந்தால் நடுப்பலகையை ஏற்றிவிட்டுத் தாண்டுங்கள், நங்கூரத்தை மணலில் போடுங்கள். ஆவுளியா, அதாவது கடற்பசு, மேய்கிற புல் அது.

புதுச்சேரிக்குப் போனால் ஒரு காரியம் மறக்காமல் செய்யுங்கள். இந்த வகைப் படகு ஒழுகினால் பெரும்பாலும் அந்தப் பெட்டி படகின் அடியோடு சேருகிற மூலையில்தான் ஒழுகும். படகைத் தண்ணீரில் அரை மணி நேரம் மிதக்க விட்டு, பெட்டியின் கீழ் ஓரம் முழுக்க ஒரு காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். அச்சாணி இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் துடையுங்கள். துணி காய்ந்தே இருந்தால் விலை பேசலாம். நனைந்திருந்தால் எங்கே நனைந்தது என்று போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.